முதலில் பத்து, பிறகு ஆயிரம்

மலாயாவில் மின்சாரத்தின் கதை ரவாங்கில் தொடங்குகிறது. 1894-இல் லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக அங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். பத்துமலை முருகன் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். அந்த மின்னாக்கியில் எதையாவது மாற்ற வேண்டுமானால், விவரம் தெரிந்த ஓர் ஆள் ஸ்பேனரோடு பக்கத்தில் போய் நின்றால் போதும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1892-இல், கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு ரயில் வந்துவிட்டது. ரயிலின் பாடு வேறு. ஒற்றைத் தடத்தில் வண்டி நேரத்தை மாற்றினால், அந்த மாற்றம் எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில், ஒரே மணியிலிருந்து நடப்புக்கு வரவேண்டும். ரவாங் புதிய அட்டவணைப்படியும் அடுத்த நிலையம் பழையதன்படியும் நடந்தால் வண்டிகள் எதிரெதிரே வந்துவிடும்.

நூற்றுக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் நிறுவனம் இன்று படுவதும் ரயிலின் பாடுதான். மென்பொருள் என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் பொருளன்று. அதில் ஓட்டை தெரியவரும்; அரசாங்கம் வரியை மாற்றும்; புதிய பிரிண்டரோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தம், ஓர் அப்டேட். அதை எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஐடி பிரிவில் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை ஒழுங்காக நடக்கும்வரை அவர்களை யாரும் நினைப்பதில்லை.

தொடக்கத்தில் இதுவும் கைவேலையாகத்தான் இருந்தது. 1944-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய மார்க் 1 இயந்திரம், துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. கட்டளை தவறென்றால் அந்தத் துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிட்டு, சரியான இடத்தில் வேறு துளை போடுவார்கள். 1960-களின் நடுவில் மலேசியாவுக்குக் கணினி வந்தபோது, அதை முதலில் வாங்கிய நிறுவனங்களுள் ஒன்று மின்சார வாரியமான லெம்பாகா லெட்ரிக் நெகாரா. அன்றைக்கு ஒரு நிறுவனத்துக்கு ஒரு கணினி என்பதே பெரிய சொத்து. மேசைக்கு ஒரு கணினி வந்த பிறகுதான் சிக்கல் பெருகியது. டிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக நடந்தார்கள். எந்த மேசை விடுபட்டது என்பது பெரும்பாலும் தகராறு வந்த பிறகே தெரிந்தது.

விடுபட்ட மேசையின் விலையை 2001 ஜூலை 19 காட்டியது. கோட் ரெட் என்ற கணினிப் புழு, 14 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 3,59,000 கணினிகளில் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஒரு மாதம் முன்பே, ஜூன் 18-இல், வெளியிட்டிருந்தது. அடுத்தது ஸ்லாமர். 2003 ஜனவரி 25, மலேசிய நேரம் சனிக்கிழமை பகல் ஒன்றரை மணி. பத்தே நிமிடத்தில், பிடிக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதை அது பிடித்துவிட்டது. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் வங்கி ஏடிஎம்கள் நின்றன. அதற்கான திருத்தம் வந்து ஆறு மாதமாகியிருந்தது. மைக்ரோசாப்டின் சொந்த அலுவலகக் கணினிகளிலேயே சிலவற்றில் அது போடப்படவில்லை. திருத்தத்தை எழுதியவர்களாலேயே தங்கள் கட்டடம் முழுக்க அதைக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்றால், வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

அதே ஆண்டு அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் ஒரு முறையை வகுத்தது. திருத்தங்கள் இனி மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று மொத்தமாக வரும். அமெரிக்காவின் செவ்வாய் காலை, மலேசியாவில் புதன் விடியற்காலை ஒன்று அல்லது இரண்டு மணி. 2005-இல் வந்த டபிள்யூசஸ் என்ற சர்வர் மென்பொருள் இன்னொரு வசதியைத் தந்தது. நிறுவனத்துக்குள் ஒரே ஒரு சர்வர் திருத்தங்களை இறக்கிக்கொள்ளும். பொறுப்பாளர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றக் கணினிகளுக்குப் போகும். அதுவும் குழு குழுவாக. முதலில் ஐடி பிரிவின் பத்துக் கணினிகள், இரண்டு நாள் பொறுத்துக் கணக்குப் பிரிவு, பிறகு ஆயிரம். இந்தத் தொழிலின் மூளை இந்த வரிசையில்தான் இருக்கிறது. விரைவாகப் போடவும் வேண்டும், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போட்டுவிடவும் கூடாது.

தமிழில் வேலை செய்த அலுவலகங்களுக்கு இதில் தனியாக ஒரு பாடு இருந்தது. கணினியில் தமிழ் எழுத முரசு மென்பொருளை மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே உருவாக்கிவிட்டார். ஆனால் அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு தனியே நடந்தது. விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. ஓர் அலுவலகத்தில் பாதிக் கணினிகள் யூனிகோடுக்கு மாறி மீதி மாறாமல் இருந்தால், ஒரு மேசையில் அடித்த கடிதம் அடுத்த மேசையில் குப்பையாகத் திறக்கும். தமிழ்நாட்டு அரசே யூனிகோடைத் தன் தரமாக ஏற்க 2010 ஜூன் வரை ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தில் சிறிது சிறிதாக மாறுவதே துன்பத்தைக் கூட்டியது.

ரவாங், புக்கிட் பெருந்தோங், கோலசிலாங்கூர்ப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அப்டேட் என்பது உறைத்த நாள் 2015 ஏப்ரல் 1. அன்று பொருள் சேவை வரி, 6 விழுக்காட்டில், நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கியது. பில் போடும் இயந்திரம், கணக்கு மென்பொருள், கிடங்கு இருப்பு எல்லாம் முந்திய இரவுக்குள் மாறியாக வேண்டும். மென்பொருள் வாங்கச் சிறு நிறுவனங்களுக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் மின்பற்றுச்சீட்டு தந்தது. எந்தப் பொருளுக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியலைக் கணினிக்குள் ஏற்றும் வேலையை யார் செய்வது என்பதற்கு அந்தச் சீட்டில் விடை இல்லை. மூன்றாண்டு கழித்து ஆட்சி மாறியது. 2018 மே 16-இல் அறிவிப்பு வந்தது. ஜூன் 1 முதல் வரி சுழியம். கைவசம் பதினாறு நாள். பிறகு செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை சேவை வரி திரும்பியது. ஒரே ஆண்டில் இரண்டு முறை, நாடு முழுவதும் இருந்த பில் இயந்திரங்கள் ஒரே நள்ளிரவில் மாறவேண்டி வந்தது.

தோட்ட அலுவலகங்களில் சம்பளக் கணக்குக்கும் இதே கதி. பெரட்டில் பேர் எடுத்து, கிராணியார் பேரேட்டில் எழுதிய செக்ரோல் என்ற வருகைப் பதிவு கணினிக்குள் போன பிறகு, ஊழியர் சேமநிதி விகிதம் மாறும்போதெல்லாம் மென்பொருளும் மாறவேண்டும். தொழிலாளியின் பங்கு 2016 மார்ச்சில் 11-லிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. 2018-இல் மறுபடி 11. பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரலில் 7, 2021-இல் 9, 2022 ஜூலையில் மீண்டும் 11. விரும்பியவர் 11-லேயே தொடரலாம் என்ற விதியும் கூட இருந்ததால், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்கு வெவ்வேறு விகிதம். திருத்தம் போடாத ஒரு கணினி, செம்பனைக் குலை அறுத்த ஒருவரின் சம்பளத்தில் தவறான பிடித்தம் செய்துவிடும். அப்டேட் என்பது தொழில்நுட்பக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளின் தயக்கம் வேறு மாதிரி. ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் பெரோடுவா 1994 முதல் கார் தயாரிக்கிறது. அதுபோன்ற ஆலைகளில் கணினி நின்றால் உற்பத்தி வரிசை நிற்கும். அதனால் ஓடுகிற இயந்திரத்தைத் தொட யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்துக்குத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 2018 ஆகஸ்டில் விலை கொடுத்தது. சோதிக்காமல் இணைத்த ஒரு புதுக் கருவியிலிருந்து வானாக்ரை வகைப் புழு சிப் ஆலைகளுக்குள் பரவி உற்பத்தியை நிறுத்தியது. அது நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது.

இதுவரை சொன்னவை திருத்தம் போடாததால் வந்த கேடுகள். திருத்தமே கேடாக வந்ததும் உண்டு. 2017 ஜூனில் உக்ரைனின் ஒரு வரிக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் பரவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் முடங்கியது.

பிறகு 2024 ஜூலை 19. கோட் ரெட் பரவிய அதே தேதி, 23 ஆண்டு கழித்து. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான ஒரு சிறு கோப்பை உலகெங்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. மலேசியாவில் வெள்ளிக்கிழமை பகல் 12:09. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு. அங்கே பல அலுவலகங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது அடியை முதலில் வாங்கியது வேலைநேரத்தில் இருந்த ஆசியாவும் ஆஸ்திரேலியாவும். கோப்பு 21 விவரங்களைக் கேட்டது. மென்பொருளிடம் இருந்தவை 20. இல்லாத இடத்தில் படிக்கப்போய் விண்டோஸ் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன.

ரவாங் வழியாகத் தஞ்சோங் மாலிமுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் கொமுட்டர் ரயில் ஓட்டும் கேடிஎம்பி நிறுவனத்தின் டிக்கெட் முறை பாதிக்கப்பட்டது. கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இண்டிகோ விமான நிறுவனம் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது. மலேசியாவில் ஐந்து அரசாங்க அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பின்னர் அறிவித்தார். விழுந்த கணினியைத் தூரத்திலிருந்து எழுப்பப் பெரும்பாலும் வழியில்லை. ஆள் நேரில் போய், பாதுகாப்பு நிலையில் திறந்து, பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவியை அடித்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். எண்பது ஆண்டுப் பயணத்துக்குப் பின் தொழில் மறுபடி மேசைக்கு மேசை நடந்தது.

வருத்தம் தரும் செய்தி இன்னொன்று உண்டு. கவனமாக வேலை பார்த்தவர்கள், கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளின் புதிய பதிப்பை உடனே போடாமல் ஒரு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு மென்பொருளுக்கு மட்டுமே பொருந்தியது. இந்தச் சிறு கோப்புகளுக்குப் பொருந்தவில்லை. பத்திலிருந்து ஆயிரத்துக்குப் போகும் வரிசையை அவர்கள் காத்தார்கள், விற்றவர் காக்கவில்லை. இனி அந்தக் கோப்புகளும் படிப்படியாகத்தான் போகும், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரும் முடிவு செய்யலாம் என்று நிறுவனம் பின்னர் அறிவித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் மலேசியாவில் மின்-விலைப்பட்டியல் முறை தொடங்கியது. பொருள் சேவை வரி போல ஒரே நாளில் அல்ல. முதலில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். 2025 ஜனவரியில் 2.5 கோடிக்கு மேற்பட்டவை. ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவை. சிறியவை அதற்கும் பிறகு. 2015-இல் பட்ட பாட்டை அரசாங்கம் மறக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. நாட்டின் முக்கியத் துறைகள் என்று அது பட்டியலிடும் பதினொன்றில் போக்குவரத்தோடு விவசாயமும் தோட்டத் துறையும் இருக்கின்றன. அந்தத் துறைகளில் அடையாளம் காணப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் தங்கள் கணினி முறைகளின் அபாயங்களை மதிப்பிட வேண்டும். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் முதல் தகவல் தரவேண்டும். பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு இதைச் செய்ய ஆள் உண்டு. மளிகைக் கடையிலும் சிறு அச்சகத்திலும் அப்படி ஆள் இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ரவாங் கடைத்தெருவில் அப்படிப்பட்ட கணினியில் பில் போடுகிறவர் புதிது வாங்க வேண்டும், அல்லது நீட்டிப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும். இதை அவருக்குப் போய்ச் சொல்லும் பொறுப்பை அந்தச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.