மலைநாட்டில் மின்னொளியும் படக்கருவியும்

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் திரை கட்டிப் பேசும் படம் காட்டிய காலத்தில், பாதிக் கதையில் திரை இருண்டுவிடின், கூட்டம் முழுவதும் பின்னால் திரும்பிப் படக்கருவியையே நோக்கும். பழியும் அதன்மேல்தான் விழும். ஆயினும் பல வேளைகளில் குற்றம் கருவியிலன்று. மின்சாரம் வந்த வழியிலேயே இருந்தது. அவ்வழிக்கு ஒரு வரலாறு உண்டு.

அருவிகள் மலிந்த இம்மலைகளில் மின்சாரம் முதலில் தொழிற்சாலையைத் தேடியே வந்தது. கொழுந்தை உருட்டும் இயந்திரங்களுக்கு ஓடைநீரும் எண்ணெய் எஞ்சினும் வலுவூட்டின. ஹட்டனுக்கு அப்பாலுள்ள இலக்சபானப் பகுதியின் நீரைக்கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட நிலையத்தின் முதற்கட்டம் இயங்கலானது 1950இலேயாம்.

ஆதலால் ஊரூராய்ப் படம் காட்டியோர், தோட்டத்துக்குத் தோட்டம் மின்சாரத்தின் தன்மையை முன்னரே கேட்டறிய வேண்டியிருந்தது. தோட்டத்து மின்னாக்கி நேரோட்டம் தருவதாயின், கருவிக்குரிய நிலைமாற்றி அங்கே பயன்படாது. அறியாது இணைப்பின் அதன் சுருள் கருகிவிடும். தொழிற்சாலையிலிருந்து களம்வரை இழுத்த நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விளக்கின் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துபோம். நுவரெலியாவின் பனிமூட்டமோ இணைப்புகளில் ஈரத்தைப் படியச் செய்து மின்னொழுக்கை உண்டாக்கும்.

தொழிலறிந்தவர் எடுத்த எடுப்பிலே கருவியைத் திறந்துவிட மாட்டார். மின்சாரம் வரும் வழியிலேயே கம்பி, உருகி, செருகி, நிலைமாற்றி என ஒவ்வொன்றாய்ச் சோதித்து வருவார். மோட்டார் ஓடியும் ஒளி தோன்றாவிடின், விளக்கிலோ அதன் சுற்றிலோ குற்றம் உளது. படம் தெரிந்தும் பேச்சுக் கேளாவிடின், படச்சுருளின் ஓரத்து ஒலித்தடத்தின்மீது ஒளி பாய்ச்சும் சிறு விளக்கை முதலிற் பார்ப்பார். அஃது எரியுமாயின் ஒளிமின்கலம், அதன்பின் பெருக்கியின் வால்வுகள், இறுதியாக ஒலிபெருக்கிக் கம்பி என்பது முறை. பேச்சினூடே ஓயாத முரலொலி எழுமாயின், அச்சிறு விளக்கிற்கு ஆடலோட்டம் கலந்து செல்கிறதோ என ஐயுறுவார்.

இலங்கைத் தேயிலைப் பிரசாரத்தின் பொருட்டு பாசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ என்னும் படம், 1934இலேயே இத்தீவை உலகத் திரைக்குக் கொண்டு சென்றது. ஆனால் கொழுந்து பறித்தோரின் லயன் அறைகளில் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இலக்சபான மின்சாரமோ அவர்தம் மலைகளைக் கடந்து கொழும்புக்குச் சென்றது. படக்கருவியின் குற்றத்தைத் தேடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தவர் தொழிற்சாலையைச் சென்றடைந்தார். இடையில் லயத்தின் பக்கம் ஒரு கிளைக் கம்பியும் பிரியவில்லை. உருகியை மாற்றியதும் திரை மீண்டும் ஒளிர்ந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவோ ஓர் உருகி போதுமானதாக இருக்கவில்லை.