தண்ணீர்க் கட்டணச் சீட்டு சொல்லும் வரலாறு



சுவா சூ காங்கில் என் மாணவி ஒருத்தியின் தாயார் தண்ணீர்க் கட்டணச் சீட்டைக் காட்டி, "மீட்டர் தவறு டீச்சர், இவ்வளவு தண்ணீர் நாங்கள் செலவிடவில்லை" என்று வருந்தினார். அவருடன் அமர்ந்து படித்தபோது, அச்சீட்டும் ஒரு வரலாற்று ஏடே என உணர்ந்தேன்.

1963 ஏப்ரலில் வறட்சியால் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்ததும் 1963 மே மாதத்தில்தான். அப்பற்றாக்குறையை மறவாத நாடு, 1991இல் தண்ணீர்ச் சேமிப்பு வரியைக் கொணர்ந்தது. 1997 முதல் அவ்வரி முதல் துளிக்கே விதிக்கப்படுகிறது. மாதம் 40 கன மீட்டரைத் தாண்டும் நீருக்கு விலை கூடுதல். அவ்வரம்புக்குள் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், 2025 ஏப்ரல் முதல் இவ்வரியும் கழிவுநீர்க் கட்டணமும் உட்பட 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி தனி.

ஐயம் எழுந்தால், முதலில் சீட்டிலுள்ளது நேரில் படித்த அளவா, மதிப்பீடா என்று பாருங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். அது அப்போதும் ஓடினால் கசிவு வீட்டுக்குள்தான். செப்பனிடுவது வீட்டாரின் பொறுப்பு. ஓடாவிட்டால், மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு முறையிடலாம்.

அத்தாயார் வீட்டில் ஓசையின்றிக் கசிந்தது கழிப்பறைத் தொட்டி. மீட்டர் பொய் சொல்லவில்லை.

மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளையே மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். கழித்தல் கணக்கோடு நாட்டின் வரலாறும் விளங்கும்.