சைலன்சரை மாற்றினால் பைக்கின் பவர் நிஜமாவே கூடுமா? அத்திபெலே வழியாக ஓட்டுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஓசூரில் வாடகைக்கு வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நீங்கள் இந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் அத்திபெலேயைத் தினமும் இரண்டு முறை தாண்டுவீர்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ல், டோல்கேட் நெரிசலில் நிற்கும்போது பின்னாலிருந்து 'டப டப டப' என்று ஒரு பைக் வரும். கண்ணாடியில் பார்ப்பதற்குள் காது அடைத்துவிடும். அதே சமயம் மனசுக்குள் ஒரு கேள்வியும் எட்டிப் பார்க்கும்: 'நம்ம வண்டிக்கும் ஒண்ணு மாட்டினா என்ன? பிக்கப் செமயா இருக்குமாமே?'

பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ கேட்டால் "மாட்டுங்க சார், பவர் தூக்கும்" என்பார்கள். அது எவ்வளவு உண்மை? மாட்டினால் சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

சைலன்சர் என்ன வேலை செய்கிறது?

இன்ஜினில் பெட்ரோல் எரிந்ததும் சூடான வாயு மிக அதிக அழுத்தத்தில் வெளியே பாய்கிறது. ஒவ்வொரு முறையும் அது ஒரு குட்டி வெடிப்பு. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பு அறைகள், துளையிட்ட குழாய்கள், சில வண்டிகளில் கண்ணாடி இழைப் பஞ்சு ஆகியவை அந்த அதிர்வை உடைத்துச் சத்தத்தைக் குறைக்கின்றன.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 வண்டிகளில், இந்தப் புகைபோக்கி அமைப்புக்குள் இன்னொரு முக்கியமான பொருளும் இருக்கிறது: கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு மாதிரியான அமைப்பு அது. கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட நச்சு வாயுக்களை அதுதான் மாற்றி அனுப்புகிறது. முழு பைப்பையும் கழற்றினால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

அப்போ பவர் கூடுமா, கூடாதா?

நேர்மையான பதில்: கொஞ்சம் கூடலாம். ஆனால் சைலன்சரை மட்டும் மாற்றினால் அது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாத அளவுதான்.

புகை வெளியேறும் வழியில் தடை குறைந்தால், அதைத் தள்ள இன்ஜின் செலவிடும் சக்தி மிச்சமாகும். இது இயற்பியல். ஆனால் 125 சிசி, 150 சிசி வண்டியில் மிச்சமாகும் அந்தச் சக்தி மிகச் சிறியது. அதோடு புகை சுலபமாக வெளியேறினால் உள்ளே காற்று கூடுதலாக வரும். அதற்கேற்ப பெட்ரோலும் கூடணும். கூடாவிட்டால் கலவை 'லீன்' ஆகி இன்ஜின் சூடாகும்.

பழைய கார்ப்பரேட்டர் வண்டி என்றால் ஜெட்டை மாற்றணும். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் இசியு மேப்பிங்கை மாற்றணும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில், சீராக ஓட்டும்போது இசியு தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் பெரும்பாலும் கம்பெனி எழுதிவைத்த கணக்கின்படிதான் பெட்ரோல் போகும். அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்குப் போட்டது.

'ஆனா ஓட்டும்போது வித்தியாசம் தெரியுதே?' என்று கேட்கலாம். தெரிவது பெரும்பாலும் சத்தம். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மூளை எடுத்துக்கொள்ளும். உண்மை தெரியணும்னா ஒரே நாளில், ஒரே டைனோ மெஷினில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளக்கணும். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

உறுதியான லாபம் ஒன்று உண்டு. நல்ல தரமான சைலன்சர் என்றால் எடை சில கிலோ குறையும். அவ்வளவுதான்.

ஆர்எக்ஸ்100 கதை வேறயா?

ஆமாம், வேறதான். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ்100 ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி. 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன். டூ-ஸ்ட்ரோக்கில் புகைபோக்கி என்பது இன்ஜினின் ஓர் உறுப்பு மாதிரி.

காரணம் இதுதான். டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும்போது, புகை போகும் வழியும் திறந்தே இருக்கும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே தப்பிவிடும். நடுவில் பருத்து, முனையில் குறுகும் சரியான வடிவத்தில் பைப் இருந்தால், அழுத்த அலை முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பிய கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும்.

1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டு முழுமைப்படுத்தினார். 1961-ல் அவருடைய 125 சிசி ரேஸ் இன்ஜின் சுமார் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி, பிறகு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: பவர் கூடியது வடிவத்தாலும் நீளத்தாலும். ஓட்டை போட்டதால் அல்ல. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் உள்குழாயை உருவிவிட்டு ஓட்டினால் சத்தம் கூடும், பவர் குறையவும் வாய்ப்பு உண்டு.

மரம் அறுக்கிற மெஷினில்கூட செய்றாங்களாமே?

பெரும்பாலான செயின் சா-வும் டூ-ஸ்ட்ரோக்தான். அதில் நீளமான பைப்புக்கு இடமில்லை, சின்னப் பெட்டிதான் சைலன்சர். வெளிநாட்டு மரவெட்டிகள் பலர் அதன் வாயைப் பெரிதாக்குவார்கள். அங்கே ஓரளவு பலன் உண்டு. ஆனால் உடனே கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டணும். மறந்தால் பிஸ்டன் 'சீஸ்' ஆகிவிடும். தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் வலையைக் கழற்றினால் காய்ந்த சருகில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வேலை நேரம் முழுக்க அதைத் தோளுக்குக் கீழே வைத்து ஓட்டும் தொழிலாளியின் காதுதான் கடைசியில் விலை கொடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 மத்தியச் சட்டம். டிஎன் 70 நம்பர் வண்டிக்கும் கேஏ 51 நம்பர் வண்டிக்கும் ஒரே சட்டம்தான். பார்டர் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற கணக்கு செல்லாது.

பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பிரிவு 182ஏ(4): 2019 திருத்தத்தில் வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 190(2): சத்தம், புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு.

பிரிவு 194எஃப்: சைலன்சர் வழியாகப் போகாமல் புகையைத் திறந்துவிடும் 'கட்-அவுட்' வைத்திருந்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய்.

இதில் அபராதத்தைவிட லைசென்ஸ் போவதுதான் வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய அடி.

எவ்வளவு சத்தம் வரை சரி?

பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையிலேயே வரம்பு உண்டு: 80 சிசி வரை 75 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. டெசிபல் கணக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் மட்டுமே. இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது உங்கள் வண்டி எழுப்பிவிடுகிற கைக்குழந்தையையும் வயசானவரையும் நீங்கள் பார்க்கப் போவதில்லை, ஆனால் அவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு மையமான நயோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்.

'பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கே' என்றால்?

அந்தச் சோதனை பார்ப்பது புகையை, சத்தத்தை அல்ல. அது கையில் இருந்தாலும் சைலன்சருக்காக உங்களை நிறுத்தலாம். இறக்குமதி சைலன்சரில் வெளிநாட்டு முத்திரை இருக்கலாம். கேள்வி, உங்கள் மாடலுக்கு இந்தியாவில் அது அனுமதி பெற்றதா என்பதுதான். கம்பெனியே அந்த மாடலுக்கு விற்கிற, சாலையில் பயன்படுத்த அனுமதி பெற்ற சைலன்சர் என்றால் பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். அதோடு இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்து க்ளெய்ம் நேரத்தில் சிக்கல் வரலாம். வாரண்டியும் அப்படியே.

சரி, பிக்கப் வேணும்னா என்ன செய்யலாம்?

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஓசூர் ரோட்டுத் தூசியில் அது சீக்கிரம் அடைக்கும். செயினைச் சுத்தம் செய்து லூப் போடுங்கள். டயரில் காற்று, ஸ்பார்க் பிளக், வால்வ் கிளியரன்ஸ், கிளட்ச், பிரேக் இழுத்துப் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். நீங்கள் இழந்ததாக நினைக்கும் பவர் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். செலவும் சைலன்சரில் ஒரு பங்குகூட வராது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறீர்களா? மாற்று சைலன்சர் இருந்தால் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். அத்திபெலேயில் போலீஸ் கை காட்டும்போது 'பழைய ஓனர் மாட்டினது சார்' என்று சொல்லலாம். ஆர்சி-யில் இருக்கப் போவது உங்கள் பெயர்.