763 பசங்க, இரண்டே வாரம்: ஒரு ஹாஸ்டல் ஃப்ளூவின் கதை

1/ 1978 ஜனவரி. வட இங்கிலாந்தில் ஆண்களுக்கான ஒரு போர்டிங் ஸ்கூல். 10 முதல் 18 வயது வரை 763 பசங்க. ஒரு முப்பது பேர் தவிர மற்ற எல்லாரும் அங்கேயே தங்கிப் படிக்கிறவங்க. லீவு முடிஞ்சு ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பையனுக்கு 15-ஆம் தேதியிலிருந்து 18 வரை காய்ச்சல்.

2/ 22-ஆம் தேதி சிக் ரூமில் 3 பேர். அடுத்தடுத்த நாட்களில் 8, 26, 76. 27-ஆம் தேதி படுக்கையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர்! பிப்ரவரி 4-க்குள் எல்லாம் அடங்கிடுச்சு. மொத்தம் 512 பேர் படுத்து எழுந்தாங்க. அதாவது மூணுல ரெண்டு பங்கு.

3/ இதுல ரெண்டு புதிர் இருக்கு.
ஒண்ணு, 630 பசங்களுக்கு முந்தைய அக்டோபர்லதான் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தாங்க.
ரெண்டு, இந்தப் பசங்களோட பழகிய சுமார் 130 பெரியவர்களில் ஒரே ஒருத்தருக்குத்தான் அதே அறிகுறிகள் வந்துச்சு.

4/ விடை வரலாற்றில் இருக்கு. 1918-இல் உலகத்தை உலுக்கிய ஃப்ளூ, H1N1 வகை. அதன் வாரிசுகள் 1957 வரை சுற்றிக்கிட்டே இருந்தாங்க. அந்த வருஷம் 'ஆசியன் ஃப்ளூ' எனும் H2N2 வந்ததும் H1N1 காணாமல் போச்சு. 1968-இல் H3N2 வந்து H2N2-வின் இடத்தைப் பிடிச்சுது.

5/ இருபது வருஷம் கழிச்சு, 1977-இல், வட சீனாவிலும் சோவியத் யூனியனிலும் H1N1 திரும்பத் தலைகாட்டியது. மரபணுவைப் பார்த்தால் 1950 வாக்கில் இருந்த வைரஸின் அச்சு அசல். ஆய்வகத்தில் உறைய வெச்சிருந்தது ஏதோ ஒரு வழியில் வெளியே வந்திருக்கணும் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

6/ இப்போ வயசைக் கணக்குப் போடுங்க. அந்த ஸ்கூலின் மூத்த பையனே 1959 வாக்கில் பிறந்தவன். H1N1-ஐ ஒரு பையன்கூடப் பார்த்ததில்லை. பெரியவர்களோ சின்ன வயசிலேயே அதைச் சந்திச்சவங்க. உடம்பு மறக்கல.

7/ தடுப்பூசி? அதில் இருந்தது H3N2-வும் B வகையும். வாட்ச்மேன்கிட்ட ஒரு திருடனோட போட்டோவைக் கொடுத்துட்டு, வேற திருடன் உள்ளே போனா அவர் என்ன செய்வார்?

8/ "அப்போ ஊசியே வேஸ்ட்டா டாக்டர்?" இல்லீங்க. இந்த அனுபவத்துக்குப் பிறகு ஃப்ளூ ஊசியில் H1N1, H3N2, B எல்லாமே சேர்க்கிறாங்க. எந்த ரகங்கள் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு முறை பரிந்துரைக்குது. அதனாலதான் போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது.

9/ அடுத்த பாடம், வேகம். சாதாரண சீசனில் ஃப்ளூ வந்த ஒருத்தர் சராசரியா ரெண்டு பேருக்கும் குறைவாத்தான் பரப்புவார். இந்த ஸ்கூலில் அது மூணுக்கும் மேல. ஒரே டார்மிட்டரி, ஒரே மெஸ், ஒரே வகுப்பு. அதுவும் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பிச்சுடும். சிக் ரூமில் 3 பேர் படுத்திருந்த அன்னைக்கே வெளியே பலருக்குத் தொத்தியிருக்கும்.

10/ உங்க பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால், வார்டனிடம் கேட்க வேண்டியவை:
• காய்ச்சல் வந்த முதல் பிள்ளையை அன்னைக்கே தனி அறைக்கு மாத்துவீங்களா?
• பாரசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லைன்னா மட்டும்தான் வகுப்புக்கு அனுப்புவீங்களா?
• ஜன்னல் திறந்திருக்கா? கட்டில்களுக்கு நடுவே இடைவெளி இருக்கா?
• சோப்பும் தண்ணீரும் எப்பவும் இருக்கா?

11/ மூச்சுத்திணறல், குழப்பம், நெஞ்சுவலி, குறைஞ்ச காய்ச்சல் திரும்ப ஏறுவது: இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்துமா, இதயநோய் உள்ள பிள்ளைகளுக்கு ஓசல்டாமிவிர் தேவைப்படலாம். 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிச்சால்தான் முழுப் பலன். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது.

12/ நம்ம ஊரில் வடகிழக்குப் பருவமழையோட ஃப்ளூவும் ஏறும். ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். அதனால ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு செப்டம்பரிலேயே போட்டுடுங்க.