வலி போயிடுச்சா... வேலை இன்னும் முடியலை! ரூட் கெனால் சிகிச்சையில் என்னதான் நடக்கும்?

ராத்திரி 2 மணி. வீடே தூங்குது. உங்களுக்கு மட்டும் கடைவாய்ப் பல் 'விண் விண்'ணென்று தெறிக்கிறது. படுத்தால் வலி கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அம்மா கொடுத்த கிராம்பைக் கடித்தாயிற்று, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாயிற்று. கையில் மொபைலை வைத்துக்கொண்டு 'பல் வலி உடனே போக' என்று தேடியபடியே விடிகிறது. காலையில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "ரூட் கெனால் பண்ணணும்" என்கிறார். அவ்வளவுதான், வலியைவிட பயம் பெரிதாகிவிடுகிறது.

அந்த நாற்காலியில் என்ன நடக்கப்போகிறது என்று முன்னாடியே தெரிந்தால் பாதி பயம் போயிடும். மீதி, மரத்துப்போகும் ஊசி போட்டதும் போயிடும்!

பல்லுக்குள்ளே என்ன பிரச்னை?

பல்லின் மேல் உறை எனாமல். அதற்கு அடியில் டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக்குழாய்களும் இருக்கிற 'பல்ப்' என்ற மென்மையான பகுதி. சொத்தை எனாமலில் இருக்கும்வரை பெரும்பாலும் எதுவும் தெரியாது. டென்டினை எட்டினால் கூச்சம் ஆரம்பிக்கும். கிருமிகள் பல்ப்பை நெருங்கிவிட்டால் உள்ளே வீக்கம் வரும். கையோ காலோ வீங்கினால் வெளியே புடைக்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் நாலு பக்கமும் கெட்டிச் சுவர், வீங்க இடமே இல்லை. அந்த அழுத்தம்தான் உங்களைத் தூங்கவிடாத வலி. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் அதிகம் பாய்வதால் அது இன்னும் கூடுகிறது.

ஐஸ்க்ரீம் சாப்பிட்டதும் வருகிற கூச்சம் சில விநாடிகளில் அடங்கிவிட்டால், சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். கூச்சம் நிமிஷக்கணக்கில் நீடித்தாலோ, சூடான காபி பட்டு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தெரிந்தாலோ விஷயம் பல்ப் வரை போயிருக்க வாய்ப்பு அதிகம்.

"மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு!"

வலி நிவாரணி கொஞ்ச நேரம் வலியை மறைக்கும், காரணத்தைத் தொடாது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுவதும் வேஸ்ட். செத்துப்போன பல்ப்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரே அதை எழுதிக் கொடுப்பார். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரக்கவைக்கும், அவ்வளவே. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைக்கவே வைக்காதீங்க, புண்ணாகிவிடும்.

சில பேருக்கு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும். சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமிகள் சத்தமில்லாமல் வேர் நுனி வழியாக எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

நாற்காலியில் என்ன நடக்கும்?

முதலில் மரத்துப்போகும் ஊசி. சில நிமிடங்களில் உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். கடுமையாக வலிக்கிற கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குச் சில சமயம் ஒரு ஊசி போதாது, இன்னொன்று போடுவார்கள். "வலிச்சா இடது கையைத் தூக்குறேன் டாக்டர்" என்று முன்கூட்டியே சொல்லி வைங்க. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தும் சின்னக் கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் இது காக்கும். அதன்பின் பல்லின் மேலே சின்னதாகத் துளை போட்டு, கெட்டுப்போன பல்ப்பை எடுப்பார்கள். ஊசி மாதிரி மெல்லிய 'ஃபைல்'களால் வேருக்குள் இருக்கும் குழாய்களைச் சுத்தம் செய்வார்கள். நடுநடுவே கிருமிநாசினி திரவம் விட்டுக் கழுவுவார்கள். ப்ளீச் வாசனை அடித்தால் பயப்படாதீங்க, அது சோடியம் ஹைப்போகுளோரைட்.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்குகூட இருக்கும். ஃபிரெண்டுக்கு ஒரே சிட்டிங்கில் முடிந்ததும் உங்களுக்கு மூன்று ஆவதும் இதனால்தான். சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, சில நாட்கள் கழித்து வரச்சொல்வார்கள்.

கடைசியில் சுத்தமான குழாய்களை 'கட்டா பெர்ச்சா' வைத்து நிரப்புவார்கள். தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் மாதிரியான பொருள் அது. ஒரு எக்ஸ்-ரே எடுத்து, நுனி வரை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இங்கேதான் கோட்டை விடுறோம்!

பெரும்பாலும் முதல் சிட்டிங்கிலேயே அந்தப் பயங்கர வலி அடங்கிவிடும். உடனே நமக்கு வேலை, எக்ஸாம், ஊர்த் திருவிழா எல்லாம் ஞாபகத்துக்கு வரும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து கசிந்தால் கிருமிகள் திரும்ப உள்ளே போகும். பட்ட கஷ்டம், கொடுத்த காசு எல்லாம் வீண்.

அடுத்த தப்பு, கேப் போடாமல் விடுவது. சொத்தையும் துளையும் சேர்ந்து அந்தப் பல்லின் சுவரை மெலிதாக்கியிருக்கும். கடைவாய்ப் பல் என்றால் மெல்லும் பாரம் முழுக்க அதன்மேல்தான். கேப் இல்லாமல் ஒரு சீடையைக் கடித்தால்கூட வேர் வரை பிளந்துவிடலாம். அப்படிப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். முன்பல்லில் சேதம் குறைவு என்றால் கேப் இல்லாமலே சமாளிக்கலாம், அதை டாக்டர் முடிவு செய்வார்.

செலவு விஷயத்தில் கூச்சப்படாதீங்க. "ரூட் கெனாலுக்கு எவ்வளவு, கேப்புக்குத் தனியா எவ்வளவு, மொத்தம் எத்தனை சிட்டிங்?" என்று ஆரம்பத்திலேயே கேளுங்க. மெட்டல், செராமிக் பூசிய மெட்டல், ஸிர்க்கோனியா என்று கேப்பில் வகை உண்டு, விலையும் மாறும். பட்ஜெட் இடித்தால் அதையும் சொல்லுங்க. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், நேரம் ஆகும். ஆனால், செலவு மிகக் குறைவு.

சுகர், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, மருந்து அலர்ஜி, கர்ப்பம்... எது இருந்தாலும் ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு..?

மரமரப்பு போக சில மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் மெல்லாதீங்க, நாக்கையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வீங்க. கடிக்கும்போது சில நாட்கள் லேசாக வலிப்பது சகஜம். டாக்டர் எழுதிய மாத்திரை போதும். கேப் போடும்வரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்க வேண்டாம். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, அந்தப் பல் மட்டும் உயரமாக இடித்தாலோ திரும்பப் போய்க் காட்டுங்க.

முகமோ கழுத்தோ வீங்கி, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிட சிரமமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.

"ரூட் கெனால் பண்ணினா கேன்சர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு பண்ணாதீங்க. அதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை. அதேநேரம், நரம்பு எடுத்த பல்லிலும் மறுபடி சொத்தை வரலாம். உள்ளே நரம்பு இல்லாததால் கூச்சம் காட்டி உஷார்படுத்தாது. தினமும் 2 முறை பிரஷ் பண்ணுங்க, கேப்பின் ஓரத்தையும் ஈறையும் விட்டுடாதீங்க.

முதல் சிட்டிங் முடிந்து கிளினிக்கை விட்டு வெளியே வரும்போதே, உதடு மரத்துப்போய் இருந்தாலும் பரவாயில்லை, மொபைலை எடுத்து ரெண்டு ரிமைண்டர் போடுங்க: ஒன்று அடுத்த சிட்டிங்குக்கு, இன்னொன்று கேப்புக்கு. நாளைக்கு வலி இருக்காது. ஞாபகப்படுத்த அந்த ரிமைண்டர்தான் இருக்கும்.