யாருடைய குளுமை?

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது குறித்த பேச்சு நம் சூழலில் புதிய வேகம் பெற்றிருக்கிறது. கனத்த சுவர், நடுமுற்றம், தாழ்வாரம், சுண்ணாம்புக் காரை எல்லாம் மின்சாரம் இல்லாமலே வீட்டைக் குளிர வைத்தன. நம் முன்னோர் அறிந்திருந்ததைக் கான்கிரீட் அழித்துவிட்டது. எனவே பழமைக்குத் திரும்புவோம் என்கிறது இந்தச் சொல்லாடல். இதில் உண்மை இல்லாமல் இல்லை. என் பிரச்சினை 'நம்' என்கிற அந்தச் சொல்லோடுதான்.

வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியில், தொகுப்பு வீட்டில் என் சின்னம்மா இருக்கிறார். போன சித்திரையில் போயிருந்தேன். பகல் இரண்டு மணிக்கு உள்ளே உட்கார முடியவில்லை. விலையில்லா மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசியது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி கக்குகிறது. எல்லாரும் வாசலில் பாய் போடுகிறார்கள். 'பழைய கூரை வீடே தேவல போல சின்னம்மா' என்றேன். 'குளுமைதான்யா. ஆனா ஊருக்குள்ள ஒரு சண்டைன்னா அன்னைக்கு ராப்பூரா யாரும் கண்ண மூட மாட்டோம். ஒத்தத் தீக்குச்சி போதும்ல? இந்தத் தார்சு அனலாத்தான் கெடக்கு. ஆனா முன்ன மாதிரி சுளுவா எவனும் கொளுத்திட முடியாதுல்ல' என்றார். பாரம்பரியக் கட்டடக் கலை பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை.

மதுரையில் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்வோம். சிதைந்து கிடந்த அதை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். கத்திரி வெயிலில் அந்தத் தூண்களின் ஊடே நின்றவர்களுக்குக் கனமும் உயரமும் என்ன செய்கின்றன என்பது தெரியும். செட்டிநாட்டு வீடுகளும் அப்படித்தான். முற்றத்துக்குப் பின் முற்றமாக, பர்மாத் தேக்கில் எழுந்த வீடுகள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அவ்வூர்கள் இடம்பெற்றன. பர்மாவின் நெல் விவசாயி கட்டிய வட்டியும் அந்தக் குளுமையின் விலையில் அடக்கம் என்பதைப் பட்டியல்கள் பேசுவதில்லை.

மச்சு வீட்டின் தளம் எப்படி உருவானது? மர விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் கூலிப் பெண்கள். வேலை முடிந்து வீடு திரும்பினால் அவர்கள் தலைக்கு மேல் இருந்தது தென்னங்கீற்றோ பனையோலையோதான்.

இதை வறுமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்று தடைகள் இருந்தன. மூன்றையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். குடை, செருப்பு, மாடி எல்லாமே உடலை வெயிலிலிருந்து காப்பவை. நிழல் இங்கே சாதி பங்கிட்டுக் கொடுத்த சொத்தாக இருந்திருக்கிறது. பழைய வீட்டின் 'ஆற்றல் சிக்கனம்' என்று நாம் வியப்பதை இந்தப் பங்கீட்டிலிருந்து பிரித்து எடுக்க முடியுமா?

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதன்மை வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவது. 'தீப்பிடிக்காத' என்கிற அரசாங்கச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1985இல் வந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இன் பசுமை வீடுகள் எல்லாம் இந்தத் தொடர்ச்சியில் வருபவை. (300 சதுர அடிப் பசுமை வீட்டில் 'பசுமை' என்றால் சூரிய மின்விளக்கு.) கான்கிரீட் எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் தார்சு வீடுகளுக்குள்ளும் தீ வைத்தார்கள். ஆனாலும் அந்தத் தளத்தின் மீது மக்கள் வைத்திருக்கும் பற்றை 'நவீன மோகம்' என்று எழுதுகிறவர்களுக்கு வெண்மணி நினைவில் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அப்படியானால் வெக்கையைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. தொகுப்பு வீடும் ஒரு வரலாற்றுக் கட்டடம், காலனியும் ஒரு வரலாற்றுக் குடியிருப்பு என்கிறேன். மகாலுக்குக் காட்டும் கரிசனத்தை அங்கேயும் காட்ட வேண்டும். மொட்டைத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பித் தட்டோடு பதிப்பது, வருஷா வருஷம் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கிகள் திறப்பது, மேற்குச் சுவருக்கு நிழல் தருவது எல்லாம் பழைய மச்சு வீட்டின் அறிவுதான். அதன் உழைப்பாளிகளுடைய வீட்டுக்கு அது இப்போதாவது வந்து சேரட்டும்.

விதிகள் வேறு திசையில் இருக்கின்றன. வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு அது வரம்பு விதிக்கிறது. மொட்டைக் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். வெயில் அதிகம் தின்பவர்கள் விதிக்கு வெளியே நிற்கிறார்கள். தெலங்கானாவின் 2023ஆம் ஆண்டுக் குளிர்கூரைக் கொள்கையோ அரசு கட்டித் தரும் ஏழைகளின் வீடுகளை அளவு பார்க்காமல் உள்ளே சேர்த்தது. செய்ய முடியும் என்பதற்கு இது போதும்.

2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே ஆண்டு, 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்ட 2.5 லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு அறிவிப்புகளும் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். ஒழுகலை அடைத்துச் சிமெண்டுப் பால் ஊற்றிவிட்டுப் போவதும் பழுதுபார்ப்புதான்; சின்னம்மா வீட்டு வெக்கை அதற்குள் வராது. களத்தில் இருக்கும் நண்பர்கள் ஒன்றியப் பொறியாளரின் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் தட்டோட்டுக்கு ஒரு வரி இருக்கிறதா?