படகின் கைப்பம்பு கழிப்பறை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வருஷத்து வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். அடிப்பலகை மாற்றுவது, இன்ஜினை இறக்குவது, புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்துக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓனரிடம் கணக்கு இருக்கும். கழிப்பறையைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். பெரும்பாலான விசைப்படகுகளில் அது கிடையாது என்பதே காரணம். ஆனால் உள்ளே அறை வைத்துக் கட்டிய லாஞ்சுகளிலும் பாய்மரப் படகுகளிலும் ஒரு மூலையில் சிறிய கிண்ணமும் பக்கத்தில் ஒரு கைப்பம்பும் இருக்கும். அது மக்கர் செய்ய ஆரம்பித்ததும் இரண்டு கட்சி உருவாகிவிடும். ‘ரப்பரை மாத்தினா போதும்’ என்பது ஒரு கட்சி. ‘கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடு’ என்பது இன்னொன்று.

இரண்டு கட்சியுமே பெரும்பாலும் கழிப்பறையின் வயதை வைத்துத்தான் பேசுகின்றன. பார்க்க வேண்டியது வயதை அல்ல, எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதை.

அந்தப் பம்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரே உருளைக்குள் ஒரே பிஸ்டன்தான். பிஸ்டனுக்கு மேலே உள்ள பகுதி கடல்நீரை உறிஞ்சிக் கிண்ணத்துக்குள் விடுகிறது. கீழே உள்ள பகுதி கிண்ணத்தில் இருப்பதை இழுத்து வெளிக்குழாய்க்குள் தள்ளுகிறது. உள்ளே வரும் குழாய் 19 மில்லிமீட்டர், வெளியே போகும் குழாய் 38 மில்லிமீட்டர் என்பதுதான் பரவலான அளவு. தள்ளியது திரும்பி வராமல் தடுக்க, வெளிவாயில் உதடு போல மூடிக்கொள்ளும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். நீர் வேண்டுமா, வேண்டாமா என்று தேர்ந்துகொள்ள மேலே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. ஜாப்ஸ்கோ போன்ற கம்பெனிகள் உலகமெங்கும் விற்கும் கைப்பம்பு கழிப்பறைகள் எல்லாம் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இப்போது குறைகளைப் பார்ப்போம். பம்பு அடித்து முடித்த பிறகு அழுக்கு நீர் மெதுவாகக் கிண்ணத்தில் ஏறினால் அந்த உதட்டு வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றி நீர் கசிந்தால் மேல் சீல் போய்விட்டது. கைப்பிடி லேசாக ஏறி இறங்கியும் நீர் வரவில்லை என்றால் பிஸ்டனின் ஓ-ரிங்கையோ மேல் வால்வு கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். அடிக்கவே முடியாமல் கனத்தால் உருளை காய்ந்திருக்கலாம். வெளிக்குழாய் அடைபட்டிருக்கவும் கூடும், இரண்டையும் சோதித்துவிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை ரப்பர் சம்பந்தப்பட்டவை. ரப்பர் தேயத்தான் செய்யும், தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே கம்பெனி சர்வீஸ் கிட் விற்கிறது. அதற்காக முழுக் கழிப்பறையையும் தூக்கிப் போடுவது வீண் செலவு. பழுது பார்க்கும் கட்சியின் வாதம் இந்த இடத்தில் அசைக்க முடியாதது.

அது வலுவிழப்பது உடல் பாகங்களில். பிளாஸ்டிக் உருளையின் உட்சுவரில் நீளக் கீறல் விழுந்துவிட்டால் புது ஓ-ரிங் போட்டாலும் சில வாரங்களில் பழைய கதைதான். எண்ணூர், காசிமேடு பக்கத்து நீருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. துறைமுகத்துக்குள் கட்டிக் கிடக்கும் படகு உறிஞ்சுவது தெளிந்த கடல்நீர் அல்ல, வண்டல் கலந்த நீர். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. துகள் உருளையைச் சுரண்டும், எண்ணெய் சில வகை ரப்பரை உப்பவைக்கும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் இறங்கியதும் ஊரறிந்தவை. இந்த நீரில் நிற்கும் படகுக்கு வேறொரு கடலில் எழுதப்பட்ட ‘இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ்’ என்ற கணக்கு பொருந்தாது. கழற்றி, உருளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

இன்னொரு பலவீனம் திருகு ஓடும் துளைகள். பிளாஸ்டிக் உடலுக்குள் நேரடியாக ஏறும் திருகுகளை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் புரி கொஞ்சம் தேயும். கடைசியில் திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அடித்தளத்தில் விரிசல், கிண்ணத்தில் கீறல் என்றாலும் அதே நிலைதான். அப்போது ஒட்டுப்பசை தடவி ஓட்டுவது சரியில்லை. கசிவது வெறும் தண்ணீராக இருக்காது, மூடிய அறைக்குள் அதை மிதித்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

விலையும் ஒரு திசையைக் காட்டும். பொதுவாக ரப்பர் கிட்டின் விலை புதுக் கழிப்பறை விலையில் சிறு பகுதிதான். முழுப் பம்பைத் தனியாக வாங்கினால் அது புதுக் கழிப்பறையின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். ஆகவே பம்பின் உடலே போய்விட்டால் கிட், பம்பு, கைப்பிடி என்று துண்டு துண்டாக வாங்குவதைவிட அதே மாடலில் முழுசாக ஒன்று வாங்குவது லாபம். அடித்துளைகள் அப்படியே பொருந்தும், பழைய கிண்ணமும் கைப்பிடித் தண்டும் உதிரியாக மிஞ்சும்.

வெண்கலப் பம்பு உள்ள பழைய கழிப்பறை என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கிலாந்தின் ‘பேபி பிளேக்’ போன்றவை பீங்கான் கிண்ணமும் வெண்கல உடலும் கொண்டவை. அப்படி ஒன்று கையில் இருந்தால் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடலாம். வடசென்னையின் பலம் இங்கேதான் உதவும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள லேத் பட்டறைகளில் தேய்ந்த தண்டையும் புஷ்ஷையும் அளந்து புதிதாகக் கடைந்து தருவார்கள். தட்டையான கேஸ்கெட்டை நியோப்ரீன் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் உதட்டு வால்வை அப்படி வெட்ட முடியாது. அது அச்சில் வார்த்து வருவது, பிளவு ஒரு இழை பிசகினாலும் மூடாது. அதை மட்டும் அசலாக வரவழைத்துக் கையில் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது குழாயில். சிறுநீரும் கடல்நீரும் சேரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் கெட்டியாகிக் குழாயின் உட்சுவரில் படியும். 38 மில்லிமீட்டர் வழி நாளடைவில் பாதியாகிவிடும். அந்தக் குழாயை வைத்துக்கொண்டு புதுக் கழிப்பறை மாட்டினால், புதுசும் பழசு போலவே கனக்கும். குற்றம் இல்லாத பம்புகள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. நாற்றமும் அப்படித்தான். சூடான ஈரத் துணியைக் குழாயில் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை அடித்தால் குழாய்ச் சுவர் வழியே கசிகிறது என்று அர்த்தம். எத்தனை புதுக் கிண்ணம் வைத்தாலும் அந்த வாடை போகாது.

படிவைக் கரைக்க வினிகரை இரவு முழுக்க ஊறவிடலாம். படிவு முற்றியிருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டியிருக்கும், அது உலோகத்தைத் தின்னும் என்பதால் அதிக நேரம் விடக்கூடாது. அமிலம் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத படகு அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். பைன் எண்ணெய் கலந்த பினாயிலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்கு எதிரிகள். வழவழப்புக்கு சிலிக்கான் கிரீஸ் போதும்.

பழுதா, மாற்றமா என்ற கேள்விக்கும் மேலே நிற்பது படகின் அடித்துளையை மூடித் திறக்கும் அடிவால்வு, அதாவது சீ-காக். கிண்ணத்தின் விளிம்பு பல படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். உள்வரும் குழாய் நீர்மட்டத்துக்கு மேல் வளைந்து இறங்காவிட்டால், அல்லது அந்த வளைவின் உச்சியில் உள்ள காற்று வால்வு உப்பு அடைத்து நின்றுவிட்டால், கடல்நீர் தானாக உள்ளே இழுபடத் தொடங்கும். நெம்புகோலைத் திறந்தபடி விட்டுப் போனால் கிண்ணம் நிரம்பி வழியும், கட்டிய இடத்திலேயே படகு முழுகும். இப்படி முழுகிய படகுகள் உலகத் துறைமுகங்களில் ஏராளம். அடிவால்வு திருகவே முடியாமல் இறுகிப்போயிருந்தால் முதல் செலவு அதற்குத்தான், கழிப்பறை காத்திருக்கட்டும்.

அந்த வால்வை லிங்கிச் செட்டி தெருவில் வீட்டுக்குழாய்க்கு விற்கும் பித்தளை வால்வாக வாங்கிவிடக் கூடாது. சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகம் உப்புநீரில் கரைந்துபோகும். மிஞ்சுவது இளஞ்சிவப்பாக, உதிரும் பதத்தில் இருக்கும். வெண்கலம் வாங்குங்கள், இல்லையென்றால் துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை வாங்குங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மாற்றும் கட்சிக்கு உண்மையான பலம் ஒன்று இருக்கிறது. அமைப்பையே மாற்றும் வாய்ப்புதான் அது. பழையதைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் கழிவு மறுபடியும் வார்ஃப் ஓரத்து நீரில்தான் விழும். புதிது வைக்கும்போதே நடுவில் ஒரு கழிவுத் தொட்டியைச் சேர்த்துவிட்டால் துறைமுகத்துக்குள் இருக்கும் வரை தேக்கி வைக்கலாம். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு, பதப்படுத்தாத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்கிறது. அது சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களில் 400 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும் 15 பேருக்கு மேல் ஏற்றிச்செல்பவற்றுக்கும்தான் பொருந்தும், சிறு படகை அது கட்டுப்படுத்தாது. ஊர்ச் சாக்கடையே கடலில் கலக்கும்போது ஒரு படகின் கழிவு என்ன பெரிசு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அலைதடுப்புச் சுவருக்குள் நீர் எளிதில் மாறாது, அதே நீரோரத்தில்தான் மீன் இறங்குகிறது, ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள்.

விசைப்படகுகளுக்கு வந்தால் இந்த ஒப்பீடே வேறு. ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கும் படகில், இரவில் அலையடிக்கும்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அப்போது கை வழுக்கினால் ஆள் கடலில். அங்கே பழுது பார்க்கப் பழசே இல்லை. இரும்புப் படகு புதிதாகக் கட்டும்போது பின்புறம் ஒரு சின்ன அறையும், நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே உட்காரும் ஒரு எளிய கிண்ணமும் சேர்ப்பது பெரிய செலவல்ல. அந்த உயரத்தில் வைத்தால் உள்ளிழுப்புப் பயமும் இல்லை, பம்புகூட வேண்டாம், ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும். இன்ஜினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை ஓனர்கள் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கைப்பம்பு உள்ள படகுகளுக்கு வேலை வரிசை இதுதான். படகு கரையில் இருக்கும்போதே அடிவால்வைச் சரிபார்த்து, தேவையென்றால் மாற்றுங்கள். பிறகு வெளிக்குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். அதன் பிறகு பம்பைத் திறந்து உருளையைத் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் கிட் வாங்குங்கள், கீறல் நகத்தில் பட்டால் முழுசாக மாற்றுங்கள். படகை நீரில் இறக்கிய அன்று, வால்வைத் திறந்து வைத்துவிட்டு உடனே வீட்டுக்குப் போகாமல், ஒரு அரைமணி நேரம் அங்கேயே நின்று ஒவ்வொரு கிளிப்பையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.